தாமதம் சொல்லும் சேதி

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்களில், ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஊரிலுள்ள பெரியவர்களோடு கைபேசித் திரையில் முகம் பார்த்துப் பேசுவது ஏறக்குறைய ஒரு நியமமாகவே ஆகிவிட்டது. அவ்வாறு பேசுங்கால் ஓர் இடையூறு நேர்வதைப் பலரும் கண்டிருப்பர். குரல் தெளிவாகவே இருக்கும். படமும் அறுந்து போகாது. ஆயினும் நாம் கேட்ட கேள்விக்கு விடை வரச் சற்றுப் பொழுதாகும். விடை வரவில்லையே என்று நாம் மறுபடி வாய் திறக்கும் அதே கணத்தில் அங்கிருந்து விடை வந்து சேரும். இருவரும் ஒருங்கே பேசி, இருவரும் ஒருங்கே நிறுத்தி, "நீ சொல்லப்பா", "இல்லையம்மா, நீங்களே சொல்லுங்கள்" என்று உபசாரத்திலேயே பாதிப் பேச்சு கழிந்துவிடும். வயது முதிர்ந்த தாயாருக்கோ, மகன் எதையோ யோசித்து, மறைத்துத்தான் பதில் சொல்கிறான் என்ற ஐயம் வேறு பிறந்துவிடுகிறது. பணம் அனுப்ப முடியுமா என்று கேட்ட கேள்விக்கு இரண்டு விநாடி மௌனம் விடையாக வருமாயின், அந்த மௌனத்துக்கு எத்தனை பொருள் கற்பிக்கலாம் என்பதை நம்மவர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இதற்குக் காரணம் தூரம் என்று நினைப்பது இயல்பே. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பொருந்தவில்லை. புது தில்லியிலிருந்து சென்னைக்கு ரயில் பாதையின் நீளம் 2,200 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். எனவே அத்தூரத்தைக் கடக்க 11 மில்லி விநாடி போதும். அதாவது ஒரு விநாடியை ஆயிரம் கூறிட்டால் அவற்றுள் பதினொரு கூறு. கம்பி நேராகப் போகாமல் சுற்றி வளைத்துப் போகிறது என்று மும்மடங்கு கூட்டிக்கொண்டாலும் முப்பத்து மூன்றுதான் ஆகிறது. ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருக்குமாயின் பெரும்பாலான உரையாடல்கள் இடையூறின்றி நடைபெறும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணிப்பு. 400-ஐத் தாண்டுவது தகாது என்றும் அது கூறுகிறது. ஆக, விடை இரண்டு விநாடி கழித்து வருகிறதென்றால் அது வழிநடையில் சென்ற காலமன்று. வழியில் எங்கேயோ அது காத்துக் கிடந்திருக்கிறது.

எங்கே கிடந்தது, ஏன் கிடந்தது, அவ்வாறு கிடக்காமல் இருக்கக் கணினி நிபுணர்கள் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக என்னென்ன உபாயங்கள் தேடினார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள். பார்சல், கூட்ஸ், யார்டு என்று ரயில்வேச் சொற்களே இதில் மிகுதியாக வந்து விழும். அது எழுதுகிறவனின் தொழிற்பழக்கம், அன்பர்கள் பொறுத்துக்கொள்க. ஆயினும் அவ்வுவமைகள் இவ்விஷயத்துக்கு மிகவும் பொருந்தியவை என்பதைப் போகப் போகக் காணலாம்.

பழைய டிரங்க் காலை நினைத்துப் பாருங்கள். பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆனால் இணைப்புக் கிடைத்தபின், நம் வாயிலிருந்து அவர் செவி வரை ஒரு முழுப் பாதை நமக்கென்றே ஒதுக்கப்பட்டுவிடும். 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே நம் நாட்டின் முதல் எஸ்.டி.டி. தொடங்கியபோது பதிவு செய்யும் தொல்லை நீங்கியதேயன்றி, பாதையை ஒதுக்கித் தரும் தத்துவம் மாறவில்லை. ரயிலில் லைன் கிளியர் வாங்குவது போன்றதே அது. அடுத்த ஸ்டேஷன் வரை பாதை காலியாக உள்ளது என்ற உறுதி கிடைத்தாலன்றி வண்டி நகராது.

இன்றைய இணையத்தில் லைன் கிளியர் என்பதே கிடையாது. நம் குரலும் படமும் கடிதமும் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டப்படுகின்றன. ஒவ்வொன்றின் மீதும் முகவரி எழுதிப் பாதையில் தள்ளிவிடுகிறார்கள். வழியிலுள்ள சந்திப்புகளில் ரௌட்டர் என்னும் சாதனங்கள் முகவரியைப் பார்த்து அடுத்த சந்திப்புக்கு அனுப்புகின்றன. வருகின்ற வேகத்திலேயே அனுப்ப இயலாவிட்டால், பொட்டலம் அங்கேயே ஒரு கிடங்கில் வரிசையில் நிற்கும். கிடங்கும் நிறைந்துவிட்டால் புதிதாக வருகிற பொட்டலம் கேள்வி முறையின்றி எறியப்படும். நஷ்ட ஈட்டு விண்ணப்பத்துக்கும் இடமில்லை. (இந்தக் கிடங்குக்குக் கணினியார் இட்ட பெயர் பஃபர். வண்டிகள் மோதிக்கொள்ளும்போது அதிர்ச்சி தாங்கும் உறுப்புக்கே ரயில்வேயில் அப்பெயர். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்றும் சொல்லலாம்.)

அனுப்புகிறவனுக்குப் பாதையின் நிலைமையை அறிவிக்கக் கண்ட்ரோலர் எவரும் இலர். அவன் அறிவது ஒன்றே ஒன்று: சேர்ந்த பொட்டலங்களுக்கு மறுமுனையிலிருந்து வரும் ஒப்புகைச் சீட்டு. அதை வைத்துக்கொண்டுதான் எவ்வளவு வேகமாக அனுப்பலாம் என்று அவன் ஊகித்தறிய வேண்டும். உலகத்துக் கணினிகள் அனைத்தும் இவ்வாறு ஊகித்தே நடக்கின்றன என்பதை முதன்முதல் படித்தறிந்தபோது எனக்குச் சிறிது அச்சமாகவே இருந்தது.

அச்சத்துக்குக் காரணம் உண்டு. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் அது மெய்யாகவே நடந்தது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே சுமார் 400 கஜ தூரந்தான்; வழியில் இரண்டே சந்திப்புகள். அப்பாதையில் விநாடிக்கு 32,000 பிட் சென்றுகொண்டிருந்தது, திடீரென 40 பிட்டாக வீழ்ந்துவிட்டது. நாற்பது பிட் என்றால் ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு பையன் நடந்தே போயிருந்தால் அதற்கு முன்னரே சேர்ந்திருப்பான்! கம்பி அறவில்லை, இயந்திரம் பழுதாகவில்லை. நடந்தது இதுதான். வரிசை நீண்டதால் ஒப்புகைகள் தாமதித்தன. ஒப்புகை வராததால் பொட்டலம் தொலைந்ததென்று எண்ணி ஒவ்வொரு கணினியும் அதையே மீண்டும் அனுப்பியது. மீண்டும் அனுப்பியவை வரிசையை மேலும் நீட்டின. பாதை முழுவதும் பொட்டலங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை முன்னரே அனுப்பியவற்றின் பிரதிகள். ஜான் நேகில் என்பவர் இப்படி ஒரு வீழ்ச்சி நேரக்கூடும் என்று 1984-லேயே எழுதி வைத்திருந்தார். வழக்கம்போல, நேர்ந்த பிறகுதான் உலகம் அதை எடுத்துப் படித்தது.

அவ்வீழ்ச்சியை ஆராய்ந்தவர்கள் வான் ஜேக்கப்ஸன், மைக்கேல் காரல்ஸ் என்னும் இருவர். 1988-இல் அவர்கள் வெளியிட்ட பரிகாரம் எளிமையானது. முதலில் மெல்லத் தொடங்கு. ஒப்புகை வர வர வேகத்தைக் கூட்டிக்கொண்டே போ. ஒரு பொட்டலம் தொலைந்தால், பாதை நிறைந்துவிட்டது என்று அறிந்து வேகத்தைச் சடுதியிற் குறை. பின்னர் மறுபடியும் சிறிது சிறிதாக ஏறு. இணையம் இன்றளவும் நிலைகுலையாமல் நிற்பதற்கு இதுவே காரணம் என்றால் மிகையன்று. 2006 முதல் லினக்ஸ் கணினிகளில் இயல்பாக அமைந்திருக்கும் க்யூபிக் என்னும் முறையும் இதன் வழித்தோன்றலே.

ஆனால் இம்முறையில் ஒரு குறை அடித்தளத்திலேயே இருக்கிறது. பொட்டலம் எப்போது தொலையும்? கிடங்கு நிறைந்தபின். அதாவது, இம்முறைப்படி நடப்பவன் ஒவ்வொரு தடவையும் கிடங்கை முற்றிலும் நிரப்பிப் பார்த்துத்தான், நிரம்பிவிட்டது என்று அறிகிறான். யார்டில் ஒரு லூப் லைனும் மிச்சமில்லாமல் கூட்ஸ் வண்டிகளை நிறுத்தி, வெளியே ஹோம் சிக்னலில் இன்னொரு வண்டி வந்து நின்று ஊதும்போதுதான், "இனி அனுப்ப வேண்டாம்" என்று பின்னாலிருக்கும் ஸ்டேஷனுக்குச் சொல்லுகிற யார்டு மாஸ்டரைப் போன்றவன் அவன். அந்த யார்டின் வழியே எக்ஸ்பிரஸ் ஒன்று போகவேண்டியிருந்தால் அதன் கதி என்ன? நம் தாயாரின் குரல் அந்த எக்ஸ்பிரஸ்.

கிடங்கு பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். சாதனங்களைச் செய்தவர்களும் அப்படித்தான் எண்ணினார்கள். நினைவகச் சில்லுகளின் விலை குறையக் குறைய, வீட்டு ரௌட்டர்களிலும் மோடங்களிலும் தாராளமாகக் கிடங்கு வைத்தார்கள். விளைவை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் வேகம் விநாடிக்கு 10 லட்சம் பிட் என்று கொள்வோம். கிடங்கு 250 கிலோபைட். எட்டாற் பெருக்கினால் 20 லட்சம் பிட். அது நிறைந்திருக்கையில் கடைசியாக வந்து நிற்கும் பொட்டலம் வெளியேற இரண்டு விநாடி ஆகும். அடுத்த அறையில் பையன் கல்யாணத்துப் படங்களையெல்லாம் இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறான்; அவனுடைய பொட்டலங்கள் கிடங்கை நிரப்பிவிட்டன; நம் குரல் அவற்றின் பின்னால் நிற்கிறது. நாம் முன்னர் தேடிய இரண்டு விநாடி இதோ அகப்பட்டது! தில்லிக்கும் சென்னைக்கும் இடையில் எங்கும் அன்று. நம் வீட்டுக் கூடத்திலேயே, பச்சை விளக்கு மினுக்கும் அந்தச் சிறு பெட்டிக்குள்.

ஜிம் கெட்டிஸ் என்னும் நிபுணர் 2010-இல் தம் வீட்டு இணைப்பு தொல்லை கொடுத்ததைத் துருவி ஆராய்ந்தபோதுதான் இக்குறை உலகறிய வெளிப்பட்டது. இதற்கு அவர் கிடங்கு வீக்கம் என்னும் பொருள்படப் பெயரிட்டார். வீக்கம் என்பது தக்க சொல்லே. பார்வைக்குப் புஷ்டி, உள்ளே நோய்.

பொட்டலம் தொலையும் வரை காத்திராமல், அதற்கு முன்னரே நெரிசலை அறிய வழியுண்டா? உண்டு. வரிசை நீளத் தொடங்கும்போதே ஒப்புகை வரும் நேரமும் நீளத் தொடங்கும். அந்த நீட்சியையே அறிகுறியாகக் கொள்ளலாம். வண்டி இன்னும் ஹோம் சிக்னலில் நிற்கவில்லை. ஆனால் இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே வழக்கமாக ஒன்பது நிமிஷத்தில் வருவது பன்னிரண்டு நிமிஷம் எடுத்துக்கொள்கிறது என்றால், முன்னே ஏதோ தேங்குகிறது என்று அனுபவசாலியான ஸ்டேஷன் மாஸ்டர் அறிந்துகொள்வார் அல்லவா? அதுவே இது.

இக்கருத்தை வகுத்துக் கட்டுரையாக 1989-இல் வெளியிட்டவர் ராஜ் ஜெயின். இவர் நம் நாட்டவர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பயின்று, பின்னர் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்று, டிஜிட்டல் எக்விப்மெண்ட் கம்பெனியில் பணிபுரிந்தவர். தாமதத்தை அடிப்படையாகக் கொண்டு நெரிசலைத் தவிர்ப்பது என்று கட்டுரையின் தலைப்பிலேயே பொருளைச் சொல்லிவிட்டார். அதே ஆண்டில் சியூ என்பவருடன் சேர்ந்து இவர் எழுதிய இன்னொரு கட்டுரை, ஏறும்போது கூட்டலாகவும் இறங்கும்போது வகுத்தலாகவும் நடந்தால் பலரும் பாதையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள முடியும் என்று கணித ரீதியாக நிறுவியது. இணையத்தின் கதையைப் பேசுகிறவர்கள் இவர் பெயரை இன்னும் சற்று உரக்கச் சொல்லலாம் என்பது என் அபிப்பிராயம்.

அக்கருத்துக்கு முழு உருவம் கொடுத்தவர்கள் அரிஸோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராக்மோ, ஓ'மாலி, பீட்டர்ஸன் என்னும் மூவர். 1994-இல் அவர்கள் வெளியிட்ட முறைக்கு வேகாஸ் என்று பெயர். முந்தைய முறைகள் டாஹோ, ரீனோ என்று நெவாடாப் பக்கத்து ஊர்ப் பெயர்களைத் தாங்கி வந்தமையால் இதற்கும் அப்படியே. அது செய்யும் கணக்கை அன்பர்கள் ஒரு துண்டுத் தாளில் தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

பாதை காலியாக இருக்கையில் ஒப்புகை 100 மில்லி விநாடியில் வருகிறது என்று கொள்வோம். இது அடிப்படை நேரம். கால அட்டவணை நேரம் என்றாலும் பொருந்தும். ஒரு சமயத்தில் 20 பொட்டலங்களை வழியில் விட்டு வைத்திருக்கிறோம். தேக்கமில்லையாயின் விநாடிக்கு 200 பொட்டலம் போகவேண்டும். இப்போது ஒப்புகை வர 125 மில்லி விநாடி ஆகிறது. ஆகவே மெய்யாகப் போவது விநாடிக்கு 160. எதிர்பார்த்ததற்கும் நடப்பதற்கும் வித்தியாசம் 40. அதை அடிப்படை நேரமாகிய பத்தில் ஒரு விநாடியாற் பெருக்கினால் 4 வருகிறது. நம்முடைய பொட்டலங்களில் நான்கு எங்கோ ஒரு கிடங்கில் வரிசையில் நிற்கின்றன என்பது இதன் பொருள். கண்ணாற் காணாத கிடங்கில், பெயர் தெரியாத ஊரில், நம் சரக்கு எத்தனை நிற்கிறது என்பதைக் கடிகாரம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லிவிடலாம்! வேகாஸின் விதி என்னவெனில், இவ்வாறு நிற்பவை இரண்டுக்குக் குறைந்தால் சற்றுக் கூட்டு. நான்குக்கு மேற்பட்டால் சற்றுக் குறை. இடையில் இருந்தால் அப்படியே விடு. நாடி பார்க்கும் வைத்தியர் வயிற்றைக் கீறிப் பார்ப்பதில்லை.

ரீனோவைக் காட்டிலும் 40 முதல் 70 சதவிகிதம் வரை அதிகமாகச் சரக்கு சேர்ந்ததென்றும், தொலைந்தவை ஐந்தில் ஒரு பங்கு முதல் பாதி வரையே என்றும் அவர்கள் அறிவித்தார்கள். இவ்வளவு நல்ல முறை உலகெங்கும் பரவியிருக்க வேண்டுமே என்று கேட்கத் தோன்றும். பரவவில்லை. இன்றும் லினக்ஸில் அது ஓர் உபரித் தெரிவாக ஒரு மூலையில் இருக்கிறது, எடுப்பார் அருமை.

ஏனெனில் பாதை பொதுப் பாதை. வேகாஸ் முறைப்படி நடப்பவன் ஒருவனும், ரீனோ முறைப்படி நடப்பவன் ஒருவனும் ஒரே கிடங்கின் வழியே அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். வரிசை நீள்கிறது. வேகாஸ்காரன் அதை உணர்ந்து ஒதுங்குகிறான். அவன் ஒதுங்கிய இடத்தையும் ரீனோக்காரன் நிரப்புகிறான். பொட்டலம் தொலையும் வரை அவனுக்கு எதுவும் உறைக்காது. வரிசை மேலும் நீள்கிறது. வேகாஸ்காரன் மேலும் ஒதுங்குகிறான். பொது வண்டியில் பெட்டிக்குள் ஏறுகையில், "முதலில் நீங்கள்" என்று வழிவிட்டு நிற்பவருக்கு என்ன நேருமோ அதுவே இவனுக்கும் நேர்கிறது. நெரிசலை விளைவிக்காதவனே நெரிசலின் பலனை முழுதும் அனுபவிக்கிறான். மரியாதைக்காரன் ஒருவன் மட்டும் முன்வந்தால் அவனுக்கு நஷ்டம். எல்லாரும் சேர்ந்து மாறினால் எல்லாருக்கும் லாபம். எவர் முதலில் மாறுவார்?

நாம் பேசும் படத்தொலைபேசிச் செயலிகள் இந்த மரியாதைக்காரர் கூட்டத்தைச் சேர்ந்தவை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். உலாவிகளின் வழியே முகம் பார்த்துப் பேச உதவும் வெப் ஆர்.டி.சி. என்னும் ஏற்பாட்டில், தாமதம் ஏறுகிறதா என்று ஓயாது கவனித்து, ஏறினால் படத்தின் தரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் முறை கையாளப்படுகிறது. திடீரென அப்பாவின் முகம் மங்கிக் கட்டம் கட்டமாகத் தெரிவது சில சமயம் இதனால்தான். அவர் பக்கத்து இணைப்போ நம் பக்கத்து இணைப்போ பழுதானது என்று கொள்ளவேண்டியதில்லை. குரலையாவது காப்பாற்றப் படத்தை அது விட்டுக்கொடுக்கிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. அடிப்படை நேரம் இன்னதென்று அறிந்தால்தான் கணக்கு நடக்கும். அதை எப்படி அறிவது? இதுவரை கண்டவற்றுள் மிகக் குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்வதே வழி. ஆனால் ஏற்கெனவே வரிசை நிற்கும்போது புதிதாக ஒருவன் வந்தால், வரிசையோடு கூடிய நேரத்தையே அவன் அடிப்படை என்று எண்ணிவிடுவான். நாள்தோறும் இரண்டு மணி தாமதித்தே வரும் வண்டியைத் தவிர வேறொன்றும் கண்டறியாத ஊரார், அதுவே அட்டவணை நேரம் என்று கொள்வதைப் போன்றதாம் இது. பிந்தி வந்தவன் நெரிசல் இல்லையென்று நம்பி மேலும் மேலும் அனுப்ப, முந்தி வந்தவன் உண்மை அறிந்து ஒதுங்க, பிந்தியவனுக்கே பெரும்பங்கு கிடைக்கிறது.

இத்தனை சங்கடம் இருந்தும் தாமதவழி முறை மறைந்துவிடவில்லை. அது தனக்குப் பொருந்தும் இடங்களைத் தேடிச் சென்றது. வேகாஸுக்குக் குறையாகச் சொல்லப்பட்ட அந்தப் பணிவையே குணமாக்கிக்கொண்ட லெட்பேட் என்னும் முறை 2012-இல் இணையத்தின் சோதனை நிலை ஆவணமாக வெளியாயிற்று. வரிசைத் தாமதம் 100 மில்லி விநாடிக்கு மேற்படாமல் பார்த்துக்கொண்டு, பிறர் வந்தால் வழிவிட்டு நிற்பதே அதன் நோக்கம். அவசரமில்லாத சரக்குக்கு, அதாவது பின்னணியில் நடக்கும் மென்பொருட் புதுப்பிப்பு போன்றவற்றுக்கு, அது தகுந்தது. கூட்ஸ் வண்டி லூப் லைனில் ஒதுங்குவதில் அவமானம் ஒன்றுமில்லை.

பெருங் கணினிக் கூடங்களுக்குள் அது வேறு விதமாக வென்றது. கூகுள் நிறுவனம் தன் கூடங்களுக்குள் டைம்லி என்னும் முறையை 2015-லும், ஸ்விஃப்ட் என்பதை 2020-லும் விவரித்து வெளியிட்டது. இரண்டும் தாமதத்தையே அளவுகோலாகக் கொண்டவை. அங்கே எல்லா இயந்திரங்களும் ஒரே எஜமானனுக்குச் சொந்தம். ஒரே விதிக்கு எல்லாம் கட்டுப்படும். விதியை மீறி முந்துகிறவன் எவனும் இல்லை. ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள ரயில் பாதைக்கும், எவரும் எப்படியும் புகும் நாற்சந்திக்கும் உள்ள வேற்றுமைதான்.

பொதுப் பாதையில் மீண்டும் முயன்றவர் யார் தெரியுமா? 1988-இல் பரிகாரம் கண்ட அதே வான் ஜேக்கப்ஸன். 2016-இல் அவரும் நீல் கார்ட்வெல் முதலிய நால்வரும் கூகுளிலிருந்து பி.பி.ஆர். என்னும் முறையை வெளியிட்டனர். இதனை வெறும் தாமதவழி முறை என்று சொல்லுதல் சரியன்று. பாதை அதிகபட்சம் எவ்வளவு வேகம் தாங்கும், காலியாக இருந்தால் ஒப்புகை எவ்வளவு நேரத்தில் வரும் என்னும் இரண்டையும் அளந்து, அவ்விரண்டின் பெருக்கத்துக்கு ஏற்ற அளவே சரக்கை வழியில் வைக்கிறது அது. அடிப்படை நேரம் பழசாகிப் போகாமலிருக்க ஒரு தந்திரமும் செய்தார்கள். பத்து விநாடி வரை அதைவிடக் குறைந்த நேரம் எதுவும் தென்படாவிட்டால், ஐந்தில் ஒரு விநாடிப் பொழுது வழியில் நான்கே பொட்டலங்கள் இருக்குமாறு அடக்கிக்கொண்டு, வரிசை வடிந்தபின் மறுபடி அளந்து பார்க்கிறது. யூடியூப்பில் இதைப் புகுத்தியபோது போக்குவரத்துத் தாமதத்தின் நடுமதிப்பு உலகளவில் சராசரி 53 சதவிகிதமும், வளரும் நாடுகளில் 80 சதவிகிதத்துக்கு மேலும் குறைந்ததாக அவர்கள் எழுதினார்கள். நம்மைப் போன்ற நாடுகளிலேயே வரிசை மிக நீண்டு கிடந்தது என்பது இதிலிருந்து விளங்கும். ஆயினும் முதற் பதிப்பு பழைய முறைக்காரர்களைச் சில இடங்களில் நெருக்கித் தள்ளுகிறது என்ற புகார் எழுந்தது. திருத்திய பதிப்புகள் 2019-லும் 2023-லும் வந்தன. பணிந்தால் பறிபோகிறது, பணியாவிட்டால் பிறர் பங்கைப் பறிக்கிறது. நடுவழி காண்பது எளிதன்று.

எளிதன்று என்பது வெறும் வாய்ப்பேச்சன்று, கணிதத்தாலும் தெரிய வந்திருக்கிறது. ஹரி பாலகிருஷ்ணன் என்பவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக விளங்குபவர். அவரும் வெங்கட் அருணும் 2018-இல் கோப்பா என்னும் தாமதவழி முறை ஒன்றை அமைத்தார்கள். அவ்விருவரே, முகம்மது அலிஜாதேயுடன் சேர்ந்து, 2022-இல் தங்கள் வழிக்கே பாதகமான ஒரு முடிவை வெளியிட்டார்கள். தாமதம் நெரிசலால் மட்டும் விளைவதன்று. வைஃபையில் முறைக்காகக் காத்திருப்பது, கைபேசிக் கோபுரம் பொட்டலங்களைத் தொகுத்து அனுப்புவது போன்றவற்றாலும் அது ஏறி இறங்கும். அத்தகைய ஏற்ற இறக்கம் உள்ள பாதையில், தாமதத்தைக் குறுகிய எல்லைக்குள் நிலைநிறுத்த முயலும் முறை எதுவாயினும், ஒருவருக்கு ஏறக்குறைய முழுப் பாதையும் கிடைத்து மற்றொருவர் பட்டினி கிடக்கும் நிலை நேரக்கூடும் என்று அவர்கள் நிறுவினர். பட்டினி என்ற சொல்லை அவர்களே கட்டுரைத் தலைப்பில் வைத்திருக்கிறார்கள். தாம் கட்டிய வீட்டின் அஸ்திவாரத்தைத் தாமே தட்டிப் பார்த்து விரிசலை ஊருக்குச் சொன்ன இந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இனி, நம் வீட்டுக்கு வருவோம். அனுப்பும் கணினிகள் அனைத்தும் திருந்தும் வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. நெரிசல் பெரும்பாலும் நம் வீட்டு வாயிலிலேயே நிகழ்வதால், அவ்வாயிலைச் சீர்செய்தாலே போதும். கேத்லீன் நிக்கல்ஸும் மேற்சொன்ன ஜேக்கப்ஸனும் 2012-இல் கோடெல் என்னும் முறையைக் கண்டனர். இது அனுப்புகிறவனிடத்தில் இல்லாமல் கிடங்கிலேயே உட்கார்ந்திருக்கும். பொட்டலங்கள் வரிசையில் 5 மில்லி விநாடிக்கு மேல் நிற்பதென்பது 100 மில்லி விநாடிப் பொழுது விடாமல் தொடர்ந்தால், கிடங்கில் இடம் இருப்பினும் ஒன்றை வேண்டுமென்றே எறிந்து, அனுப்புகிறவனை எச்சரிக்கும். இதனோடு, ஒவ்வொருவர் சரக்குக்கும் தனித்தனி வரிசை வைத்து முறை போட்டு அனுப்பும் ஏற்பாட்டையும் சேர்த்துவிட்டால், பையனுடைய கல்யாணப் படங்களுக்குப் பின்னால் பாட்டியின் குரல் நிற்கவேண்டியதில்லை. புதிய ரௌட்டர் வாங்குவோர், இவ்வாறு வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி அதில் உண்டா என்று கடைக்காரரிடம் கேட்கலாம். சிலவற்றில் உண்டு, பலவற்றில் இல்லை. அதை இயக்கும்போது, நம் இணைப்பின் வேகத்தைவிடச் சற்றுக் குறைவான அளவை அதில் குறித்து வைக்கவேண்டும்; அப்போதுதான் வரிசை கம்பெனிக்காரரின் மோடத்தில் சேராமல் நம் கைக்குள் நிற்கும்.

அதிக வேகமுள்ள திட்டத்துக்கு மாதந்தோறும் கூடுதல் பணம் கட்டினால் தீருமா என்று கேட்பவர்கள் முதலில் ஒரு சோதனை செய்து பார்ப்பது நல்லது. செலவில்லாதது. வீட்டில் வேறு எவரும் இணையத்தை உபயோகிக்காத வேளையில், கணினியில் பிங் என்னும் கட்டளையைக் கொடுத்து ஒப்புகை எத்தனை மில்லி விநாடியில் வருகிறதென்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் பெரியதொரு படத்தொகுப்பை ஏற்றத் தொடங்கிவிட்டு, அதே கட்டளையை மறுபடி கொடுங்கள். முன்னர் முப்பதாக இருந்தது நாற்பது ஐம்பது ஆனால் கவலையில்லை. முந்நூறு, எண்ணூறு, ஆயிரம் என்று ஏறுமாயின் நோய் கிடங்கில் இருக்கிறது. அப்படி ஏறுகிற வீட்டில், ரௌட்டர் மாற்றும் வரையில் செய்யக்கூடியது, ஊருக்குப் பேசும் அரை மணி நேரம் படங்கள் ஏற்றுவதை நிறுத்தி வைத்து, எல்லாரும் படுத்தபின் இரவு பதினொரு மணிக்கு மேல் ஏற்றுவது. கூட்ஸ் வண்டிகளை நாங்களும் பெரும்பாலும் அப்படித்தான் இரவில் விடுகிறோம்.